மணிமேடையில் எந்தப் பக்கம் திரும்பணும்? கட்டற்ற மென்பொருளுக்கு ஆவணம் எழுத வருகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய வெளியூர்க்காரர் கோட்டாறுக்கு வழி கேட்டால் நம்மூர் ஆள் என்ன சொல்வார்? "நேரா போங்க, மணிமேடை வரும், அப்படியே போனா கோட்டாறுதான்." மணிமேடையில் எத்தனை ரோடு பிரிகிறது என்பது சொல்கிறவருக்கு ஞாபகமே வராது. அவருக்குக் கால் தானாகத் திரும்பும். கேட்டவர்தான் அங்கே நின்று முழிப்பார். முழித்து, பூக்கடையில் ஒருமுறை, ஆட்டோக்காரரிடம் ஒருமுறை விசாரித்து, ஒரு வழியாகக் கோட்டாறு போய்ச் சேர்ந்தவர் அன்று ராத்திரியே ஒரு தாளில் வழியை எழுதி வைத்தால், அடுத்து வரும் வெளியூர்க்காரருக்கு அந்தத் தாள்தான் உதவும்.

கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று திறந்துவிட்ட மென்பொருள். அதன் ஆவணத்தின் கதையும் இதேதான். நிரல் எழுதியவருக்கு வழி அத்துப்படி. அதனாலேயே திருப்பங்கள் விட்டுப்போகும். "எனக்கு ஒன்றும் தெரியாதே, நான் எப்படிப் பங்களிப்பது" என்று தயங்குகிறீர்களா? ஆவணத்தைப் பொறுத்தவரை அந்தத் தெரியாமைதான் உங்கள் முதலீடு. அதற்குக் கெடு தேதியும் உண்டு. இரண்டு மாதம் பழகிவிட்டால் நீங்களும் "நேரா போங்க" என்று சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

நான் தக்கலையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், மனு டைப்பிங். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் படித்ததில்லை, நிரல் ஒரு வரி எழுதத் தெரியாது. ஆனாலும் நான் எழுதிய வரிகள் சில மென்பொருள்களின் உதவிப் பக்கங்களில் இருக்கின்றன. அது எப்படி நடந்தது என்பதைத்தான் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

முதலில், ஆவணம் என்றால் எது?

பெரிய கையேடு மட்டும் ஆவணம் இல்லை. திட்டத்தின் வாசலில் இருக்கும் ரீட்மீ கோப்பு, நிறுவும் முறை, பிழைச் செய்தியின் வாசகம், புதிய பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்பு, படத்துக்கு அடியில் எழுதும் விவரம் எல்லாமே ஆவணம்தான். டேனியலே ப்ரோசிடா என்பவர் இவற்றை நான்கு வகையாகப் பிரித்து, அதற்கு டயாடாக்ஸிஸ் என்று பெயர் வைத்தார். பல திட்டங்கள் இந்தப் பிரிவைப் பின்பற்றுகின்றன.

நான் இதை உள்ளித் தீயல் (வறுத்த தேங்காய் அரைத்து வைக்கும் சின்ன வெங்காயக் குழம்பு) வைத்துப் புரிந்துகொண்டேன். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு "இப்ப தேங்காயைப் போடு, கிளறிக்கிட்டே இரு" என்று கையைப் பிடித்துச் சொல்லித் தருவது பயிற்சிப் பாடம். ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவர் "நாலு பேருக்குத் தீயல் வைக்கணும்" என்று வந்தால் தருவது செய்முறை. எத்தனை உள்ளிக்கு எவ்வளவு தேங்காய், எவ்வளவு புளி என்ற பட்டியல், வேண்டும்போது எடுத்துப் பார்க்கும் குறிப்புப் பகுதி. தேங்காயைக் கருஞ்சிவப்பாக ஏன் வறுக்க வேண்டும், லேசாக வறுத்தால் ருசி ஏன் வராது என்பது விளக்கம். அம்மா கையைப் பிடித்துச் சொல்லித் தரும்போது நடுவில் நிறுத்தி அரை மணி நேரம் தேங்காயின் குணத்தைப் பற்றிப் பேசினால் அடுப்பில் இருப்பது கருகிவிடும். ஆவணங்களில் பெரும்பாலான குழப்பம் இப்படி ஒன்றை இன்னொன்றில் கலப்பதால் வருகிறது. ஒரு பக்கத்தைத் திறந்ததும் இது நாலில் எது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லையென்றால் அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

எந்தத் திட்டத்தைப் பிடிப்பது?

தினமும் கைவைக்கும் மென்பொருளையே எடுங்கள். கடிதம் தட்டுகிறவர் லிப்ரே ஆபீஸ், படம் வரைகிறவர் இங்க்ஸ்கேப் அல்லது கிருதா, விளையாட்டு உருவாக்கிப் பார்க்கிற மாணவர் கோடோ, குளச்சல் கடற்கரைத் தெருக்களை வரைபடத்தில் சேர்க்க நினைப்பவர் ஓபன்ஸ்ட்ரீட்மேப். பிரபலமாக இருக்கிறதே என்று பழக்கமில்லாத ஒன்றில் போய் விழுந்தால், எதில் குறை இருக்கிறது என்றே தெரியாது. அப்புறம் காற்புள்ளி திருத்துவதோடு நின்றுவிடும்.

பிடித்த பிறகு, உள்ளே போகும் முன் மூன்று விஷயம் பாருங்கள். திட்டத்தின் கோப்புகளையெல்லாம் வைத்திருக்கும் களஞ்சியத்தில் கடைசியாக எப்போது மாற்றம் நடந்தது? இரண்டு வருடமாக ஆளரவம் இல்லையென்றால் உங்கள் திருத்தமும் அங்கே தூங்கும். வெளியாட்கள் அனுப்பிய திருத்தங்களுக்குப் பதில் வந்திருக்கிறதா? முடித்து மூடிய பட்டியலைத் திறந்து நாலைந்தைப் படித்தால் போதும், அந்த வீட்டில் விருந்தாளியை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிந்துவிடும். மூன்றாவது, பங்களிப்பாளருக்கான விதிமுறைக் கோப்பு இருக்கிறதா? இருந்தால் முழுக்கப் படியுங்கள். இருபது நிமிடம் ஆகும். அதைப் படிக்காமல் அனுப்பினால் இருபது நாள் இழுக்கும்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் எழுதுவது அந்தத் திட்டத்தின் உரிமத்தின் கீழ் போகும். யாரும் எடுத்து மாற்றலாம், அச்சடிக்கலாம். லிப்ரே ஆபீஸ் கையேடுகள் ஜிபிஎல், கிரியேட்டிவ் காமன்ஸ் என இரண்டு உரிமங்களில் வருகின்றன. அதனால் வேறு புத்தகத்திலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ பத்தியை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது. வேறொருவர் எழுதியதை இலவசமாகக் கொடுக்க உங்களுக்கு அனுமதி கிடையாது.

பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு நடங்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆவணத்தில் உள்ளபடி, ஒரு வரி விடாமல், முதலிலிருந்து செய்து பாருங்கள். "இது தெரியும்" என்று எதையும் தாண்டக் கூடாது. முடிந்தால் கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு திறந்து அதில் செய்யுங்கள். உங்கள் பழைய அமைப்புகள் எதுவும் குறுக்கே வராது. பக்கத்தில் நோட்டு. எங்கே நின்றீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எப்படித் தீர்ந்தது என்று உடனுக்குடன் எழுதுங்கள். ராத்திரி எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துவிடும். தீர்வு கிடைத்த கணமே குழப்பம் எப்படி இருந்தது என்பது மனதை விட்டுப் போய்விடுகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடையில் ஒரு பழைய லேப்டாப், அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது, அக்கா மகன் படித்து முடித்து எனக்குத் தந்தது. அதில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டேன். நோட்டீஸ் வேலைக்கு ஒரு தமிழ் எழுத்துரு வேண்டும். கட்டற்ற எழுத்துரு ஒன்று கிடைத்தது. அதன் பக்கத்தில் நிறுவும் முறை ஒரே வரி: கோப்பை உங்கள் எழுத்துரு ஃபோல்டரில் போட்டுவிட்டுப் பயன்படுத்தத் தொடங்குங்கள்.

எந்த ஃபோல்டர்? தேடியதில், ஹோமுக்குள் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'ஃபான்ட்ஸ்' என்று தெரிந்தது. ஹோமைத் திறந்தால் அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை. பெயர் புள்ளியில் தொடங்கினால் லினக்ஸ் அதை மறைத்துவைக்கும் என்பது எனக்கு அன்றைக்கு எப்படித் தெரியும்? அரை மணி நேரம் போச்சு. கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும் என்று கண்டுபிடித்தபின் உள்ளே போனேன். 'ஷேர்' இருக்கிறது, 'ஃபான்ட்ஸ்' இல்லை. அதை நாமே உருவாக்க வேண்டுமாம். உருவாக்கிப் போட்டேன். லிப்ரே ஆபீஸ் பட்டியலில் எழுத்துரு வரவில்லை. அழித்தேன், மறுபடி போட்டேன், வரவில்லை. மதியம் சாப்பிட எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போய் வந்து திறந்தால் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது! நிரலை மூடித் திறந்தால்தான் புது எழுத்துருவைப் பார்க்கும்.

நோட்டில் மூன்று வரி: மறைந்த ஃபோல்டர். இல்லாத ஃபோல்டர். மூடித் திற. என் முதல் பங்களிப்பு அந்த மூன்று வரிதான். அதை இப்படி ஆக்கினேன்:

1. இறக்கிய ஜிப் கோப்பை விரித்தெடுக்கவும். உள்ளே டிடிஎஃப் என்று முடியும் கோப்பு இருக்கும்.
2. ஃபைல் மேனேஜரில் ஹோம் ஃபோல்டரைத் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் எச் அழுத்தவும். பெயர் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் இப்போது தெரியும்.
3. புள்ளி வைத்த 'லோக்கல்' ஃபோல்டரில் 'ஷேர்' என்பதைத் திறக்கவும். அதில் 'ஃபான்ட்ஸ்' இல்லையென்றால் அதே பெயரில் புதிதாக உருவாக்கி, டிடிஎஃப் கோப்பை அதில் போடவும்.
4. லிப்ரே ஆபீஸ் திறந்திருந்தால் எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு மறுபடி திறக்கவும்.
5. எழுத்துருப் பட்டியலில் பெயர் தெரிந்தால் நிறுவல் முடிந்தது.

இலக்கியமில்லை. ஆனால் எனக்குப் போன அரை நாள் அடுத்தவருக்குப் போகாது.

பக்கத்தின் மூலம் எங்கே இருக்கிறது?

நீங்கள் பார்க்கும் வலைப்பக்கம் பெரும்பாலும் சமைத்துப் பரிமாறியது. அரிசி வேறெங்கோ இருக்கும். 2004ல் வந்த மார்க்டவுன் என்ற எளிய எழுத்துமுறையிலோ, ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற முறையிலோ எழுதிய கோப்புகளிலிருந்துதான் பக்கம் உருவாகிறது. பல ஆவணப் பக்கங்களின் மேலோ கீழோ "இந்தப் பக்கத்தைத் திருத்து" என்ற பொருளில் ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் நேரே மூலக் கோப்புக்குப் போய்விடலாம். இணைப்பு இல்லையென்றால் பக்கத்திலுள்ள விசித்திரமான ஒரு வாக்கியத்தை எடுத்துக் களஞ்சியத்தில் தேடுங்கள்.

தேடியும் கிடைக்கவில்லையா? அந்தப் பத்தி நிரலுக்குள்ளேயே குறிப்பாக இருந்து தானாக எடுக்கப்பட்டதாக இருக்கலாம். கோடோவில் நிரலின் 'கிளாஸ்' என்ற பகுதிகளின் விவரங்கள் எக்ஸ்எம்எல் கோப்புகளில் இருக்கின்றன, பயிற்சிப் பாடங்கள் தனிக் களஞ்சியத்தில் இருக்கின்றன. உருவான பக்கத்தைத் திருத்தி அனுப்பினால் அடுத்த முறை உருவாக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும்.

இன்னொன்று, நீங்கள் படிப்பது எந்தப் பதிப்பின் ஆவணம் என்று பாருங்கள். பழைய பதிப்பில் உள்ள தவறு புதியதில் திருத்தப்பட்டிருக்கலாம். அதேபோல, வேறு யாரும் இதே குறையை இஷ்யூவாக, அதாவது களஞ்சியத்தில் குறைப் பதிவாகப் போட்டிருக்கிறார்களா என்று, மூடியவற்றையும் சேர்த்துத் தேடுங்கள். சில திட்டங்களில் புதியவர்களுக்கென்றே சில இஷ்யூக்களில் 'முதல் வேலைக்கு ஏற்றது' என்ற பொருளில் சீட்டு ஒட்டிவைத்திருப்பார்கள்.

எழுத்துப்பிழை, உடைந்த இணைப்பு போன்றவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டாம், நேரே திருத்தி அனுப்பலாம். ஒரு பக்கத்தையே மாற்றி அமைக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் இஷ்யூ போட்டு, என்ன குறை, என்ன செய்ய நினைக்கிறேன் என்று நாலு வரி எழுதிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் வீட்டைப் பெயிண்ட் அடித்துவிட்டு வந்து நின்றால் யாருக்கும் சந்தோஷம் வராது.

கணக்கு, ஃபோர்க், புல் ரிக்வெஸ்ட்

இங்கேதான் பலர் மிரண்டு ஓடுகிறார்கள். பெயர்கள்தான் பயமுறுத்துகின்றன, வேலை எளிது. கிட் என்பது கோப்புகளின் மாற்றங்களைத் தேதி வாரியாக வைத்திருக்கும் கருவி. லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் உருவாக்கியது. கிட்ஹப், கிட்லேப் எல்லாம் அதன்மேல் கட்டிய தளங்கள். கிட்ஹப்பை வைத்தே சொல்கிறேன்; மற்றவற்றிலும் பெயர்தான் கொஞ்சம் மாறும்.

கணக்கு திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அமைப்புகளில் மின்னஞ்சல் பகுதிக்குப் போய் முகவரியை மறைத்து வைப்பது. நீங்கள் சேமித்துப் பதியும் ஒவ்வொரு மாற்றத்திலும் (அதற்குப் பெயர் கமிட்) மின்னஞ்சல் பதிவாகும், அது உலகத்துக்கே தெரியும், பிறகு அழிப்பது பெரும்பாடு. மறைத்தால் கிட்ஹப் ஒரு மாற்று முகவரி தரும், அதைப் பயன்படுத்துங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டு, மீட்புக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் கதி.

இனி திருத்தம். மூலக் கோப்பைத் திறந்து பென்சில் படத்தை அழுத்துங்கள். அது உங்களுடைய களஞ்சியம் இல்லை என்பதால் உங்கள் கணக்கில் ஒரு பிரதி எடுக்கக் கிட்ஹப் கேட்கும், சம்மதம் கொடுங்கள். அதுதான் ஃபோர்க். பிரதியில் நீங்கள் என்ன செய்தாலும் அசலுக்கு ஒன்றும் ஆகாது, தைரியமாகக் கைவையுங்கள். நாலைந்து கோப்புகளை ஒன்றாகத் திருத்த வேண்டுமென்றால், களஞ்சியப் பக்கத்தில் இருக்கும்போது விசைப்பலகையில் முற்றுப்புள்ளியைத் தட்டிப் பாருங்கள். பிரவுசருக்குள்ளேயே முழு எடிட்டர் திறக்கும். எனக்கு இது தெரிய ஒரு வருடம் ஆனது.

திருத்தி முடித்தால் கமிட் செய்தி கேட்கும். "சில மாற்றங்கள்" என்று எழுதாதீர்கள். "எழுத்துரு நிறுவலில் மறைந்த ஃபோல்டரைக் காட்டும் படி சேர்த்தேன்" என்பது போல, பின்னால் வருகிறவர் பட்டியலைப் பார்த்தே புரிந்துகொள்ளும்படி ஒரு வரி. பிறகு புல் ரிக்வெஸ்ட். "என் பிரதியில் இந்த மாற்றம் இருக்கிறது, அசலில் எடுத்துக்கொள்கிறீர்களா" என்ற விண்ணப்பம் அது. அதில் மூன்று விஷயம் சொன்னால் போதும்: என்ன குறை இருந்தது, என்ன மாற்றினேன், எந்த இயங்குதளத்தில் எந்தப் பதிப்பில் செய்து பார்த்தேன். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பாளருக்கு நம்பிக்கை தருவதே அதுதான்.

ஒரு விண்ணப்பத்தில் ஒரு விஷயம். எழுத்துப்பிழை, புதிய பகுதி, பட மாற்றம் மூன்றையும் ஒன்றாகக் கட்டி அனுப்பினால், ஒன்றில் சந்தேகம் வந்தாலும் மூன்றும் நிற்கும்.

அனுப்பியதும் தானியங்கிச் சோதனைகள் ஓடும். சிவப்பு வந்தால் பதறாதீர்கள், விவரத்தைத் திறந்து படியுங்கள். பெரும்பாலும் ஒரு இணைப்பு உடைந்திருக்கும், அல்லது வரியின் கடைசியில் வெற்றிடம் இருக்கும். சில திட்டங்கள் கமிட்டில் 'கையெழுத்து' வரி கேட்கும். இது நான் எழுதியது, கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. குபெர்னெட்டிஸ் போன்ற பெரிய திட்டங்கள் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் ஒருமுறை கையெழுத்து வாங்கும். படித்துவிட்டுப் போடுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு குறிப்பு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. மழை வந்தால் கரண்ட்டும் நெட்டும் சேர்ந்து போகும். பிரவுசரில் நீளமாக எழுதிக்கொண்டிருக்காதீர்கள். எழுத்தை ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் தட்டிச் சேமித்துவிட்டு, கடைசியில் ஒட்டுங்கள். களஞ்சியத்தையே கணினிக்கு இறக்க வேண்டியிருந்தால், கிட் குளோன் கட்டளையோடு டெப்த் 1 என்ற தெரிவைச் சேருங்கள். பழைய வரலாறு முழுவதும் வராமல் கடைசி நிலை மட்டும் வரும். மொபைல் டேட்டாவில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

வாக்கியத்தை எப்படி எழுதுவது

ஒரு படியில் ஒரு செயல். "மெனுவைத் திறந்து அமைப்புகளில் மொழியை மாற்றிச் சேமித்துவிட்டு மறுபடி தொடங்கவும்" என்பது ஒரு வரியாகத் தெரியும், உள்ளே ஐந்து வேலை இருக்கிறது. நடுவில் ஒன்று தவறினால் எங்கே தவறியது என்று படிப்பவருக்குத் தெரியாது. செய்து முடித்தால் திரையில் என்ன தெரியும் என்பதையும் எழுதுங்கள். மேலே எழுத்துருவின் கடைசிப் படி அதற்காகத்தான்.

"சும்மா இதைச் செய்தால் போதும்", "ரொம்ப எளிது" என்ற வார்த்தைகளைக் கண்டால் வெட்டிவிடுங்கள். எளிது என்று எழுதிய இடத்தில் மாட்டிக்கொண்டவர், தன்னிடம்தான் கோளாறு என்று நினைத்துப் பக்கத்தை மூடிவிடுவார்.

எடுத்துக்காட்டுக்கு உண்மையான வலைமுகவரி, போன் எண் எதையும் போடாதீர்கள். எக்ஸாம்பிள் டாட் காம் என்ற முகவரி இதற்காகவே 1999லிருந்து ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. 192.0.2 என்று தொடங்கும் ஐபி முகவரிகளும் ஆவண எடுத்துக்காட்டுகளுக்கென்றே விடப்பட்டவை. திரையைப் படமெடுத்தால் (ஸ்கிரீன்ஷாட்) அதில் உங்கள் மின்னஞ்சலோ வாடிக்கையாளர் பெயரோ தெரிகிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். நான் ஒருமுறை கல்யாணப் பத்திரிகை திறந்திருந்த திரையை அப்படியே படமெடுத்து அனுப்பப் போனேன். மாப்பிள்ளை வீட்டு விலாசம் முதற்கொண்டு தெரிந்தது. நல்லவேளை, அனுப்புவதற்கு முன்பே கண்ணில் பட்டது. படங்களைக் குறைவாகவே வையுங்கள். பதிப்பு மாறினால் முதலில் பழசாவது படம்தான். வைக்கும் படத்துக்கு மாற்று விவரம் எழுதுங்கள், பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானில் கேட்பது அதைத்தான்.

ஆங்கிலம் சரியாக வராதே என்று கவலையா? சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கும் ஆட்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி கிடையாது. எழுதி முடித்ததும் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீங்கள் எழுதியதை மட்டும் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். என் கடையில் வேலை செய்யும் பெண் மூன்றாம் படியில் நின்று என் முகத்தைப் பார்த்தால், மூன்றாம் படியை மாற்றி எழுத வேண்டும் என்று அர்த்தம்.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதச் சொல்லி ஒட்டும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அதற்குத் திட்டத்தின் விதியைப் பாருங்கள். ஜென்டூ என்ற லினக்ஸ் திட்டம் 2024ல் அப்படிப்பட்ட பங்களிப்புகளுக்குத் தடையே போட்டது. தடை இல்லாத இடத்திலும், நீங்கள் செய்து பார்க்காத ஒரு படியை அனுப்பக் கூடாது. இல்லாத மெனுவை அது அழகாக எழுதிக் கொடுக்கும்.

அனுப்பியாச்சு, பதில் வரவில்லை

எங்கள் கடைக்கு பிரிண்ட் எடுக்க வரும் பாலிடெக்னிக் பையன் ஒருவன், என்னைப் பார்த்து அவனும் ஒரு திருத்தம் அனுப்பினான். ஒரு வாரம் கழித்து முகம் வாடி வந்தான்.

"அக்கா, எட்டு நாளாச்சு. அவிய ஒண்ணுமே சொல்லல்ல. நான் எழுதினது கொள்ளாதோ?"

"மக்கா, அவியளும் பகல்ல வேலைக்குப் போற ஆளுங்கதான். ஞாயித்துக்கிழமை ராத்திரி பிள்ளைய உறங்கின பெறவு உக்காந்து பாப்பாவ. இன்னும் ஒரு வாரம் பொறு."

பத்தாம் நாள் பதில் வந்தது. இரண்டு வாரம் தாண்டினால் "இதில் நான் ஏதாவது மாற்ற வேண்டுமா?" என்று ஒரே ஒரு வரி எழுதலாம். தினமும் தட்டக் கூடாது. மரியாதை காட்டுவதாக நினைத்து, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி நாலு வரி வணக்கம் எழுத வேண்டாம். எதிரில் இருப்பது ஐயாவா அம்மாவா என்றே நமக்குத் தெரியாது. பயனர் பெயரைச் சொல்லி, நன்றி சொல்லி, விஷயத்துக்கு வந்தால் போதும். முதலில் எனக்கு இது ரொம்பக் கூச்சமாக இருந்தது.

பதில் பெரும்பாலும் "நன்று, ஆனால்" என்ற ரகமாக இருக்கும். வரி வரியாகக் கருத்து சொல்வார்கள். என் முதல் அனுப்பலில் ஐந்து படிகளுக்கு ஏழு கருத்து வந்தது. அன்று கோபம்தான் வந்தது. மறுநாள் படித்தால் ஆறு நியாயமாகப்பட்டது. ஏழாவதுக்கு ஏன் அப்படி எழுதினேன் என்று காரணம் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். சரி என்று பட்டதைத் திருத்தி அதே பிராஞ்சில் (உங்கள் பிரதியில் அந்தத் திருத்தம் இருக்கும் கிளையில்) சேருங்கள், விண்ணப்பம் தானாகப் புதுப்பிக்கும். அதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறக்காதீர்கள், பேசிய பேச்செல்லாம் சிதறிப்போகும்.

ஏற்க மாட்டோம் என்றும் சொல்வார்கள். காரணம் கேட்டு வைத்துக்கொண்டு நகருங்கள்.

டி-ஷர்ட்டுக்காகவும் சான்றிதழுக்காகவும் அனுப்பாதீர்கள் என்று கல்லூரிப் பிள்ளைகளிடம் தனியாகச் சொல்லிவிடுகிறேன். 2020 அக்டோபரில், கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்கத் தூண்டும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, பரிசு டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ கோப்புகளில் 'அருமையான திட்டம்' என்பது போல ஒரு வார்த்தையைச் சேர்த்து அனுப்பிக் குவித்தார்கள். பராமரிப்பாளர்கள் வெறுத்துப்போய், திட்டமே விரும்பிச் சேர்ந்தால்தான் கணக்கு என்று அந்த மாதம் முடியும் முன்பே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

தமிழில் செய்ய நினைத்தால்

ஆங்கில ஆவணத்தோடு நிற்க வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸ் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்திலும், ஃபயர்பாக்ஸ் மொழிபெயர்ப்பு மொசில்லாவின் பொன்டூன் தளத்திலும் நடக்கிறது. இரண்டிலும் பிரவுசரிலேயே வேலை செய்யலாம், கிட் தெரிய வேண்டியதில்லை. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் என்ற இணைய இதழ் 2012லிருந்து வருகிறது. சொற்களுக்கும் கட்டுரைகளுக்கும் அங்கே ஒரு எட்டுப் பார்க்கலாம்.

டிடிபி ஆட்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, பாமினி என்ற பழைய எழுத்துருவை மறந்துவிடுங்கள். எல்லா மொழிக்கும் பொதுவான குறியீட்டுமுறையான யூனிகோடுதான். பாமினியில் தட்டியது எழுத்துரு மாறினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யூனிகோடிலும் ஒரு பழைய பழக்கம் கூடவே வருகிறது. 'கௌ' என்ற எழுத்தை, கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒற்றைக் கொம்பு போட்ட 'கெ'யும் 'ள'வும் சேர்த்துத் தட்டுவது. 'கௌ', 'கெள' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளில் அச்சடித்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் 'கௌரி' என்று தேடினால் கணினிக்கு 'கெளரி' கிடைக்காது. திரைவாசிப்பானும் 'கெ-ள-ரி' என்றுதான் படிக்கும். துணைக்காலுக்குப் பதில் 'ர' தட்டுவதும் இதே ரகம். என் கைக்கு இருபது வருடப் பழக்கம், அதை மாற்ற ஆறு மாதம் ஆனது.

வாக்கியத்துக்கு நடுவே விழுக்காட்டுக் குறியோடு ஒரு எழுத்தோ, நெளி அடைப்புக்குள் ஒரு சொல்லோ வந்தால் அதைத் தொடாதீர்கள். நிரல் ஓடும்போது கோப்பின் பெயரோ எண்ணோ அங்கே வந்து உட்காரும். ஆனால் அதன் இடத்தை மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். தமிழில் வினை கடைசியில் வருமே. அந்த இடத்தில் எந்தப் பெயர் வரும் என்று தெரியாததால், வேற்றுமை உருபை நேரே ஒட்டினால் அசிங்கமாகும். 'என்ற கோப்பை' என்று ஒரு சொல்லை நடுவில் வைத்தால் எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் நிற்கும்.

'சேமி' என்பதா 'சேமிக்கவும்' என்பதா? பொத்தானுக்குச் சின்னதும், விளக்கத்துக்கு மரியாதை வடிவமும் என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்கெனவே அந்தத் திட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தால் என் விருப்பத்தை ஓரமாக வைத்துவிடுவேன். ஒரே மெனுவில் கோப்பு, ஃபைல், ஆவணம் என்று மூன்று பெயர் இருப்பதைவிட, பிடிக்காத ஒரு பெயர் எல்லா இடத்திலும் இருப்பது மேல். யாருக்கும் புரியாத தூய சொல்லை உருவாக்குவதில் எனக்கு ஆர்வம் குறைவு. கடைக்கு வருகிற மனிதர் 'பிரவுசர்' என்றால் நான் 'பிரவுசர்' என்றுதான் எழுதுவேன். உலாவி என்பவர்களோடு சண்டைக்கும் போக மாட்டேன்.

மெர்ஜ் ஆன பிறகு

உங்கள் திருத்தம் சேர்ந்துவிட்டால், அந்தக் களஞ்சியத்தைக் கவனிப்புப் பட்டியலில் வையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது உங்கள் படிகளை மறுபடி செய்து பாருங்கள். வேறு யாராவது அதே பக்கத்துக்குத் திருத்தம் அனுப்பினால் நீங்களும் படித்துக் கருத்து சொல்லலாம். பராமரிப்பாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. "இந்த வரிசையில் செய்து பார்த்தேன், வந்தது" என்ற ஒரு வரிக்கே மதிப்பு உண்டு.

போன மாதம் எழுத்துருப் பக்கத்தைத் திறந்தேன். என் ஐந்து படிகளில் இரண்டைக் காணோம். எழுத்துருக் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்தால் திறக்கும் ஜன்னலிலேயே நிறுவும் பொத்தான் இருக்கிறதாம், மறைந்த ஃபோல்டருக்குள் போக வேண்டிய அவசியமே இல்லையாம். யாரோ ஒரு புதியவர் மாற்றியிருக்கிறார். எனக்கு அது தெரியவே தெரியாது. லிப்ரே ஆபீஸை மூடிவிட்டு மறுபடி திறக்கவும் என்ற படி அப்படியே இருந்தது.